கல்பாதை இறங்கிய ஜீப்பை மலைச்சாலைக்கு விடுமுன் பார்க்க வேண்டியவை

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், அங்கே வண்டி ஏறும் வழி இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது. கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்திலிருந்து உருண்டைக் கற்களின் மேல் முதல் கியரில் குலுங்கிக் குலுங்கி இறங்கி வந்து தாரைத் தொட்டதும், கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது என்ற எண்ணம் எந்த ஓட்டுநருக்கும் வந்துவிடும். நிறுத்தாமல் பூப்பாறை, போடிமெட்டு என்று ஓட்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மறுநாள் போடியில் பட்டறையில் காட்டிக்கொள்ளலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். இது ஆபத்தான முடிவு. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வளைந்த டை ராடும் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பி) நசுங்கிய பிரேக் குழாயும் தம் குறையைக் காட்டுவதில்லை. பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் போகும்போதுதான் காட்டும். ஆகவே இந்தச் சோதனையைத் தார் தொடங்கும் இடத்தில், சமதளத்தில், பகல் வெளிச்சம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வட்டவடைப் பக்கத்து மண்பாதைக்கும், உடும்பஞ்சோலையைச் சுற்றியுள்ள ஏலத்தோட்ட வழிகளுக்கும் இதே முறை பொருந்தும்.

வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகே கீழே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் தலையை நீட்டக் கூடாது. விரித்துப் படுக்க ஒரு சாக்கு, டார்ச், அளவு டேப், வீல் ஸ்பேனர், பழந்துணி, ஒரு பெரிய அட்டை ஆகியவை இருந்தால் போதும். சோதனை முடியும்வரை வண்டியைக் கழுவாதீர்கள். போடியில் பழைய மேஜர், கமாண்டர் ஜீப்புகளையே பார்த்துத் தேர்ந்த பட்டறைக்காரர் ஒருவர், வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்வார்: "வண்டியக் கழுவாமக் கொண்டு வாங்கண்ணே. கழுவிட்டா ஒழுகுன தடமே போயிரும்." காய்ந்த செம்மண் தூசியின் மேல் புதிதாகக் கசிந்த எண்ணெய் கறுத்த ஈரத் தடமாகத் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கசிவு தொடங்கிய இடம் கிடைத்துவிடும். தண்ணீர் அடித்துவிட்ட வண்டியில் எல்லாமே ஈரம்தான்.

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது நேராக ஓடும்போது கோணி நிற்கிறது

முதலில் டயர்க் காற்றைப் பாருங்கள். கல்பாதைக்காக 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துவிட்டு, ஏற்றும்போது ஒரு சக்கரத்தை விட்டுவிட்டாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். காற்று சரியாக இருந்தால், கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, அல்லது வீல் பேரிங் கெட்டிருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் டை ராடைப் பார்க்க வேண்டும். முன் அச்சுக்கு அருகே இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஓடும் அந்த நீண்ட கம்பி, துருத்திய கல்லில் மோதினால் வில்லாக வளைந்துவிடும். ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை நோக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் வளைவு தெரியும். ஐயமிருந்தால், இரு முன் டயர்களின் நடுக்கோட்டிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒரே உயரத்தில், முன்பக்கம் ஒருமுறையும் பின்பக்கம் ஒருமுறையும் டேப்பால் இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருப்பது இயல்பு. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் கம்பி வளைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அதோடு நிற்காமல், எஞ்சினை அணைத்த நிலையில் உடன் வந்தவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லி, டை ராட் எண்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். நல்ல ஜாயிண்டில் இரண்டு பாகமும் ஒன்றாகவே அசையும். கெட்டதில் விரலுக்கடியில் 'டக்' என்று ஓர் இடைவெளி தட்டுப்படும். ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே மண் போய், ஆட்டமும் இருந்தால் அந்த வண்டி மலை இறங்கக் கூடாது. பூப்பாறையில் நிறுத்தி, கீழேயிருந்து உதிரிப்பாகத்தை வரவழைத்து மாற்றுவதே சரி. சுத்தியலால் தட்டி நேராக்கிய கம்பி பழைய வலிமையோடு இருக்காது. பக்கத்து ஊர்வரை நகர்த்திச் செல்வதற்கு மட்டுமே அது ஒரு வழி.

முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மும் அதன் பால் ஜாயிண்டும் முதலில் அடிபடும். அங்கேயே டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் சக்கரத்தின் உட்பக்கமெங்கும் கிரீஸ் சுற்றித் தெறித்திருக்கும். உடனே நின்றுவிடாது, ஆனால் உள்ளே மணல் போய்விட்ட ஜாயிண்ட் அதிக நாள் தாங்காது.

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

பத்தில் எட்டு வண்டிகளில் காரணம், ரிம்மின் உட்பக்கத்தில் அப்பி உலர்ந்த சகதிதான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை உள்ளே விட்டுத் தடவி, குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் உதறினால் ரிம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்து, வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு கம்பியின் இரு முனை போல்ட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஜீப்புகளில், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் தேய்ந்திருந்தாலும் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் முன் அச்சு முழுவதுமே ஆடத் தொடங்கும்.

பிரேக் மிதி மாறியிருக்கிறது

இந்தச் சோதனையில் வேறெதை விட்டாலும் இதை விடக் கூடாது. மிதி எப்படி மாறியிருக்கிறது என்பதே காரணத்தைப் பாதி சொல்லிவிடும்.

எஞ்சின் ஓடும்போது மிதியை நன்றாக அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மெல்ல மெல்லத் தரை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. உடனே பிரேக் ஆயில் டப்பாவின் அளவைப் பாருங்கள். பிறகு பின் அச்சின் ஹவுசிங்கை ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாயை, நடுவிலுள்ள டி இணைப்பிலிருந்து சக்கரம்வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கல் உரசிய இடத்தில் துரு நீங்கி இரும்பு புதிதாகப் பளபளக்கும். அங்கே குழாய் தட்டையாகியிருந்தால், இப்போது ஒரு சொட்டும் கசியாவிட்டாலும் அந்த இடத்தை நம்ப முடியாது. சேசிஸிலிருந்து அச்சுக்குத் தொங்கும் ரப்பர் ஹோஸையும் மடக்கிப் பாருங்கள். சக்கரம் முழுதாகக் கீழே தொங்கிய ஓர் இடத்தில் அது விறைப்பாக இழுபட்டு, இணைப்பின் ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கக்கூடும். சக்கரத்தின் உட்பக்கத்தில் மெல்லிய, வழுவழுப்பான ஈரம் வழிந்திருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. மூன்றில் எதுவாக இருந்தாலும் வண்டி அங்கேயே நிற்க வேண்டும்.

மிதி மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் மேலே வந்தால், உள்ளே காற்றோ ஆவியோ இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் (DOT) 3 என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இதே அளவுகள் 230, 155. மழையும் மூடுபனியும் விடாத இந்த மலையில் ஆயிலை நெடுங்காலம் மாற்றாமல் ஓட்டுகிற வண்டி, கல்பாதை முழுவதும் பிரேக்கை மிதித்தே இறங்கி வந்தால், ஆயில் கொதித்து மிதி தொய்ந்துபோவதில் வியப்பில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மிதி பழையபடி திரும்பும். திரும்பினாலும் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு, இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிமானத்திலேயே மலை இறங்கி, போடியில் ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள்.

மிதி கல்லாக இறுகியிருந்தால், மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது; அப்போதும் மிதி இப்படித்தான் இறுகும். எஞ்சின் நின்ற பிறகு பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிப்புக்கே வரும், பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும். அந்தப் பழக்கத்தால் மிச்சமாகும் டீசலுக்காக வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரைப் பணயம் வைப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாகத் தோன்றியதில்லை.

மிதி சரியாக இருந்தும் பிடிப்புக் குறைவாக இருந்தால், ஓடை கடந்தபோது டிரம்முக்குள் சேறு புகுந்திருக்கும். மெல்ல ஓட்டிக்கொண்டே இலேசாக மிதித்துப் பிடித்தால் ஈரம் உலரும். சேறு உலராது, அதற்கு டிரம்மைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும். முன் டிஸ்க்கில் இரும்பை அரைப்பதுபோல் கிறீச்சென்ற சத்தம் வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் ஒன்று சிக்கியிருக்கலாம். பின்னோக்கிச் சிறிது ஓட்டினால் பல சமயம் அதுவே விழுந்துவிடும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இது பட்டை உடைந்ததன் அறிகுறி. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், பழைய உடைசல் துருவேறியிருக்கும். நடுப்பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தால் பாரத்தை இறக்கிவிட்டு மெதுவாகப் போகலாம். இரு முனையிலும் வளையம் உள்ள மெயின் பட்டை உடைந்திருந்தால் நகரவே கூடாது. அச்சைச் சேசிஸோடு பிணைத்திருப்பது அதுதான்.

இதைவிட நுட்பமாக மறைந்திருக்கும் பழுது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்துபோவது. அச்சையும் பட்டைகளையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்த வண்டியில் அச்சு பட்டையின் மேல் முன்னும் பின்னும் நழுவ முயலும்; அந்த இழுப்பில் சென்டர் போல்ட் துண்டாகிவிடும். வண்டி சாயாது, சத்தமும் பெரிதாக இருக்காது, ஆனால் பின்னால் வருகிறவருக்கு வண்டி நண்டுபோல் குறுக்காக ஓடுவது தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள். யூ போல்ட்டின் அருகே, பட்டையின் மேல் தூசி படியாத பளபளப்பான ஒரு கோடு தெரிந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நட்டுகளை இறுக்கினால் மட்டும் போதாது. அச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து புது போல்ட் போட்ட பிறகே மலை இறங்க வேண்டும்.

குழியில் விழும்போது மட்டும் 'தொம்' என்று ஒலித்தால் ஷாக் அப்சார்பரின் புஷ் போயிருக்கும், அல்லது ஷாக்கே எண்ணெய் கக்கியிருக்கும். இதற்காக வழியில் நிற்கத் தேவையில்லை.

நிறுத்திய இடத்தில் சொட்டுகிறது

அட்டையை அடியில் விரித்துச் சில நிமிடம் காத்திருங்கள். எது சொட்டுகிறது என்பதை நிறமும் மணமும் விரல் உணர்வும் சொல்லிவிடும். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயிலும், அச்சின் கியர்களுக்கான கிரவுன் ஆயிலும் தடிப்பாக, கந்தக வீச்சத்தோடு இருக்கும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ, சற்றே இனிப்பு மணத்தோடு இருக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. தெளிந்த பொன்னிறத்தில், தொட்டால் தண்ணீர்போல் மெல்லியதாக இருந்து விரலில் வழுக்கினால் அது பிரேக் ஆயில். ஏசி போட்டு வந்த வண்டியில் வெறும் தண்ணீர் சொட்டுவது இயல்பே.

எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் நசுங்கியிருந்தால் கசிவு இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டும். உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் அடித்தட்டுக்கு மிக அருகில்தான் இருக்கும். பள்ளம் அதை அடைத்துவிட்டால் எஞ்சினுக்கு ஆயில் போகாது. எஞ்சினைப் போட்டதும் ஆயில் விளக்கு உடனே அணைகிறதா என்று பாருங்கள். அணையத் தாமதித்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். டீசல் டேங்க் நசுங்கி ஓரம் கசிந்தால், கட்டிச் சோப்பை நன்றாகத் தேய்த்து அடைத்து அருகிலுள்ள ஊர்வரை போகலாம் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய கைமுறை. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

ஓடையில் இறங்கி வந்த வண்டி

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பக்கமும், அக்டோபருக்குப் பிறகு தேனிப் பக்கமும் மழை பிடிப்பதால், ஆண்டில் பாதிக்கு மேல் இந்தப் பாதைகளில் ஓடை கடக்காமல் வர முடியாது. ஓடிக் கொதித்திருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (அச்சின் நடுவிலுள்ள கியர் உறை) குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைபட்டோ தாழ்வாகவோ இருந்தால், சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது. அன்று வீடு போய்ச் சேரலாம். ஆனால் இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் வடிகால் பிளக்கைச் சிறிது தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். முழு ஆயிலையும் வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். கியர் பாக்ஸ், முன் அச்சுக்கும் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நீரில் எஞ்சின் தானாக நின்றுபோயிருந்தால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால், இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும். இது பட்டறை வேலை, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

தார்ச்சாலையில் திரும்பும்போது வண்டி முட்டுகிறது, ஃபோர் வீல் லிவர் கழல மறுக்கிறது

மஹிந்திரா தார், மேஜர் போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றுமாறு பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், மண்ணில் அவை வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் அது நடக்காது, முறுக்கம் கியர்களில் ஏறி லிவர் இறுகிவிடும். வலிந்து இழுக்காமல், நேராகச் சில மீட்டர் பின்னால் ஓட்டிவிட்டு லிவரைத் தள்ளினால் கழலும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள். ஃபோர் வீல் கழன்ற பிறகும் கிளச்சை விடும்போது 'டங்' என்று அடித்தால், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்து ஜாயிண்ட் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று அறியுங்கள். கிராஸின் ஓரத்தில் செந்தூள் போன்ற துரு படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் உலர்ந்துபோயிருக்கிறது.

சூடு ஏறுகிறது, இழுவை இல்லை, கரும்புகை வருகிறது

ரேடியேட்டர் இடுக்குகளில் சேறு அடைந்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் நனைந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. டர்போ எஞ்சினில் சீறும் ஒலியோடு கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், இன்டர்கூலர் ஹோஸ் கழன்றிருக்கிறது. கிளிப்பை இறுக்கினால் தீர்ந்துவிடும்.

கருகிய வாடை அடித்தால் உடனே நிறுத்தி, சைலன்சர் குழாயில் காய்ந்த போதைப்புல் (உயரமாக வளரும் மலைப்புல்) சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் புல்மேடு கடந்து வந்த வண்டியில் அதிலிருந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குழாயில் பிளவு விட்டிருந்தால், கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

டயர்கள்

கடைசியாக எழுதினாலும் டயர்களைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டாம். உட்பக்கச் சுவரைத்தான் கல் அதிகம் கிழிக்கிறது; வெளியே நின்று பார்த்தால் அது தெரியாது. ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, முன் டயர்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். பின் டயர்களுக்கு அடியில் படுத்தே பார்க்க வேண்டும். வெட்டுக்குள் நூல் தெரிந்தாலோ, பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு வீக்கம் இருந்தாலோ ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். பக்கச்சுவர்க் காயத்துக்குப் பஞ்சர் ஒட்டுவது பயன்படாது. மாற்றிய சக்கரத்தின் நட்டுகளைப் போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நிற்கும்போது ஒருமுறையும், அடிவாரம் வந்ததும் ஒருமுறையும் இறுக்கிப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஒட்டுத்தாளில் உள்ள அளவுக்குக் காற்றடிப்பதை, டயர் ஆறிய பிறகு போடியில் செய்துகொள்ளலாம். ஆனால் 20 பி.எஸ்.ஐ.யோடு மலை இறங்க வேண்டாம், சிறு கம்ப்ரசர் இல்லையென்றால் பூப்பாறையிலேயே அடித்துக்கொள்ளுங்கள்.